பாகையும் விரலும்

பிறந்த ஊர் பிறந்தவர்க்குத் தெரியும் என்பது நாம் நெடுநாள் கொண்டிருந்த நம்பிக்கை. சென்ற ஆண்டு நாம் பிறந்த பரங்கிப்பேட்டையில் பள்ளியொன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரிடம் நெய்தல் திணை பற்றிப் பேசச் சென்றிருந்தோம். வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தை நேரிற் கண்டவர் கையுயர்த்துக என்றோம். நாற்பது பேரில் ஒன்பது கைகளே உயர்ந்தன. எஞ்சியோர் அதனைக் கைப்பேசித் திரையிற் கண்டவர்கள். முகத்துவாரமோ மிதிவண்டியிற் சென்று திரும்பும் தொலைவில்தான் இருக்கிறது. நெய்தலை நாம் நடத்திய முறையிலேயே ஏதோ குறையுண்டு எனத் தோன்றிற்று.

கடல் கடந்து பணியாற்றும் நம் தங்கை மகன், அங்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் 'ஜியோகேச்சிங்' என்னும் விளையாட்டைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான். புவிப்புதையல் தேடல் எனத் தமிழில் நாம் பெயரிட்டுக் கொண்டோம். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அறிவிப்பார். மற்றவர் ஜி.பி.எஸ். கருவியின் துணையால் அதனைத் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்தவாறே வைத்து மீள்வர். இதன் பிறப்பு சுவையானது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் அச்செயற்கைக்கோள்களின் குறிகளில், பொதுமக்களுக்கு உரியவற்றை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அம்மறைப்பு நீங்கிற்று. மே 3ஆம் நாளே டேவ் உல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை மறைத்து அதன் எண்களை வெளியிட்டார். வாளிக்குள் இருந்தவற்றுள் ஒரு டப்பா அவரையும் உண்டாம்! புதையல் என்றதும் பொற்காசை எண்ணும் நம்மவர்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம்.

தலைமையாசிரியர் இசைவுடன் தொடங்கினோம். பாகை, கலை, விகலை என்னும் சொற்களை மாணாக்கர் அன்றுதான் கேட்டனர். அகலாங்கில் ஒரு கலை ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர் எனக் கணக்கிட்டு மகிழ்ந்தனர்.

முதல் நாளே இடறிற்று. சோற்று டப்பாவொன்றைச் சுற்றுச்சுவர் ஓரம் வைக்கச் சென்ற இரு சிறுவரைக் காவலர் ஒருவர் நிறுத்திவைத்து அரைமணி நேரம் வினவினார். ஒருவன் தொழுகைத் தொப்பியோடு சென்றிருந்தான். நாம் ஓடிச் சென்று விளக்கிய பின்னரே விட்டனர். அன்றிரவு ஜமாஅத் பெரியவர் ஒருவர் நம்மை அழைத்தார். "வாத்தியார் தம்பி, கேட்பாரற்ற பொருளைத் தொடாதே என்று புகைவண்டி நிலையத்திலெல்லாம் எழுதிப் போட்டிருக்கிற காலம் இது. நம் பிள்ளைகள் கையில் மூடிய பெட்டியைக் கொடுத்து மறைத்து வை என்கிறீர்களே!" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. நமக்குச் சினமும் வந்தது. அச்சினம் அவர்மேல் அன்று. அவர் சொன்னது மெய்யாயிருந்ததன்மேல். அமெரிக்கக் காட்டில் வாளி வைத்தவர்க்கு இக்கவலை இருந்திருக்குமா என எண்ணியவாறே வீடு திரும்பினோம்.

பெட்டியின்றியும் இவ்விளையாட்டு உண்டெனப் பின்னரே அறிந்தோம். மறைத்து வைப்பது பொருளன்று, வினா. எண்கள் காட்டும் இடத்திற்குச் சென்றாலன்றி விடை கிட்டாது. தமிழாசிரியர்க்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த இடம் ஒரு வினாவாயிற்று. 1690இல் ஆங்கிலக் கும்பினியார் அக்கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் தமக்குரியன என்பது உடன்பாடு. நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்தனர். அவை குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. இப்பெயரை அறிந்தவரைக் கண்டு வருக என அனுப்பினோம். பலரைக் கேட்டும் அறிந்தாரைக் காணாது மாணாக்கர் திரும்பினர். விடையின்மையும் விடையே எனக் குறித்துக்கொண்டோம்.

மற்றொரு வினா பரங்கிப்பேட்டையை அடுத்த மீனவர் குப்பமொன்றில். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதுவரை வந்தது? வரைபடம் பார்த்து ஓரிடத்தின் எண்களை நாமே கொடுத்திருந்தோம். ஐந்து மாணாக்கர் அங்கு நின்று கைப்பேசியைப் பார்ப்பதும் மண்ணைப் பார்ப்பதுமாய் இருந்தனராம். மீன்கூடையோடு வந்த மூதாட்டி ஒருவர், "என்னத்தத் தேடுறீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். சொன்னார்கள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மேற்கே அறுபது எட்டு அழைத்துச் சென்று ஒரு தென்னையைக் காட்டி, "இங்கதான். எம் மருமவள இதுலதான் புடிச்சு நிறுத்துனோம்" என்றிருக்கிறார். பின், "அன்னிக்கு உங்க பள்ளிவாசல் ஆளுங்கதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க. உங்க வூட்டுல சொல்லலியா?" என்று கேட்டாராம். அம்மாணாக்கர் யாவரும் அப்பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். யார் வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. ஏட்டில் நம் எண்களை அடித்துவிட்டு, தென்னையின் எண்களை எழுதி வந்தனர். கருவி சில மீட்டருக்குள் சரியாகத்தான் காட்டியது. பிழை நம்முடையது.

பெட்டி வேண்டாமென்ற பெரியவரிடம் இதனைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துவரச் சொன்னார். பெற்றோர் சிலரும் உடன் வந்தனர். அவர் இளமையில் மரக்கலத்திற் சென்றவர். கையை நீட்டி முட்டியை மடக்கி, தொடுவானத்தின்மேல் வைத்துக் காட்டினார். முட்டிக்குமேல் ஒரு விரல் உயரத்தில் துருவமீன் மங்கலாய் நின்றது. நீட்டிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. விரலொன்று ஏறத்தாழ ஒன்றரைப் பாகை. துருவமீனின் உயரமே ஓரூரின் அகலாங்கு. பரங்கிப்பேட்டைக்கு அது ஏறத்தாழ பதினொன்றரைப் பாகை. கைப்பேசியைப் பார்த்த மாணவியொருத்தி வியந்து கூவிவிட்டாள். அரபு மாலுமிகள் விண்மீன் உயரத்தை 'இஸ்பஃ' என்னும் அளவால் குறித்தனர். அச்சொல்லுக்கு விரல் என்பதே பொருள். முடிச்சிட்ட கயிறும் சிறு பலகையும் கொண்ட அவர்தம் 'கமால்' கருவி, நம் கரையில் இராப்பலகை எனப்பட்டது. இச்சொல்லை நாம் நூலிற் படித்திருந்தோம். பெரியவரோ தம் பாட்டனார் கையில் அதனைக் கண்டவர்.

அரையாண்டு விடுமுறைக்கான வினாவை அவரே தந்திருக்கிறார். பாய்மரக் கலங்கள் நின்ற பழைய துறை எங்கிருந்தது என்பதே அது. ஆறு இடம் மாறிவிட்டதால் அங்கு அடையாளம் ஏதுமில்லை, எண்களும் அவரறியார். அவர் நடந்து சென்று நிற்கும் இடத்தில் மாணாக்கர் பாகை, கலை, விகலை குறிக்க வேண்டும். முழங்கால் வலி சற்றுத் தணியட்டும் என்றிருக்கிறார்.