தோத்துடுவாங்க

சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் "இன்னைக்குத் தோத்துடுவாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிடுவேன். அது கணிப்பு இல்லை, திருஷ்டி கழிக்கிற மாதிரி. வாய்விட்டுச் சொல்லிட்டா நடக்காது. அப்பா "வாயைக் கழுவுடா" என்பார்.

2023 ஃபைனல், அகமதாபாத். மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம். குஜராத் 214. அதில் 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன் நம்ம சென்னைப் பையன், கைதட்டுவதா, திட்டுவதா? மறுபடி மழை. இலக்கு 15 ஓவரில் 171 என்றானது. தோனி முதல் பந்திலேயே அவுட். "சொன்னேன்ல?" என்றேன். அப்பா பேசாமல் போய்ப் படுத்துவிட்டார்.

கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். இருட்டில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஜடேஜாவா?"

2025-இல் நான் சொன்னதெல்லாம் பலித்தது. 2008-க்குப் பிறகு முதல்முறையாக பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது. ருதுராஜுக்கு முழங்கையில் காயம். 43 வயதில் தோனி மீண்டும் கேப்டன். மற்ற அணிகள் முதல் ஓவரிலிருந்தே வெளுக்க, நம்மாட்கள் பவர்பிளேயில் தடவிக்கொண்டிருந்தார்கள். 14 மேட்சில் 4 வெற்றி, முதல்முறையாகக் கடைசி இடம்.

சீசன் பாதியில் ஒருநாள் வழக்கம்போலச் சொன்னேன். அப்பா போனிலிருந்து தலை தூக்காமல் "ஆமாடா" என்றார். எந்தத் தோல்வியும் அப்படி வலித்ததில்லை.

அடுத்த மேட்சுக்கு மாற்றிச் சொன்னேன். "இன்னைக்கு ஜெயிச்சுடுவாங்கப்பா."

நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு வச்சிடாதடா."