ரசீது எண் 214
கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தாங்க. கணவர் திதிக்கு அன்னதான உபயம், போன அக்டோபர்லயே பணம் கட்டியாச்சு. ரசீது எண் 214. கணினியில தட்டினா வேற குடும்பத்தோட அர்ச்சனை வருது, 10 வெள்ளி. "இது உங்க ரசீது இல்லையேம்மா"ன்னு நம்ம தொண்டூழியர் சொல்லிட்டார். பின்னால வரிசையே பார்க்குது. "நான் பொய் சொல்றேனாப்பா?"ன்னு கேட்டாங்க.

தப்பு எங்களோடது. புது வருஷம், புதுக் கணக்குன்னு டிசம்பர் 31 ராத்திரி பழைய ரசீது எல்லாத்தையும் காப்பக அட்டவணைக்கு மாத்திட்டு, நடப்பு அட்டவணையைக் காலி பண்ணினோம். (மொத்தமே 3,112 வரி. டேட்டாபேஸுக்கு இது சுண்டைக்காய், மாத்தியிருக்கவே வேண்டாம்.) அப்புறம் கணினியை அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டோம்.

நாங்க வெச்சிருக்கறது மைஎஸ்க்யூஎல் 5.7. அதுல அடுத்த எண் என்னங்கிறது நினைவகத்துல மட்டும்தான் இருக்கும். அணைச்சுப் போட்டா, அட்டவணையில இருக்கற பெரிய எண்ணைப் பார்த்து அதோட ஒண்ணு கூட்டிக்கும். அட்டவணையே காலின்னா? மறுபடி 1. காப்பகத்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. 8.0ல இருந்து எண்ணை வட்டுல எழுதி வெச்சுக்குது, ஆனா அதுலயும் ட்ரங்கேட் போட்டா எண் முதல்லயிருந்துதான் வரும்.

நாங்க கவனிக்கறதுக்குள்ள 387 ரசீது கைமாறிப் போச்சு. அச்சடிச்சுக் கொடுத்ததைத் திருத்த முடியாது. அதனால அடுத்த எண்ணை 3,113ன்னு நாங்களே கட்டளை போட்டு வெச்சோம். காப்பகத்துல எண் மட்டும் சாவியா இருந்தா அந்த 387ஐ அடுத்த முறை உள்ளே விடாது. இப்போ வருஷமும் எண்ணும் சேர்ந்துதான் சாவி. கவுண்டர்ல தேடினா ரெண்டு அட்டவணையும் தேதியோட வரும். இனிமே காப்பகத்துக்கு மாத்தும்போது கடைசி ரசீதை மட்டும் நகர்த்தாம விட்டு வைப்போம்.

ஜனவரி 1ல இருந்து ரசீது வாங்கினவங்க, எண் 387க்குள்ள இருந்தா, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வரும்போது கையோட கொண்டு வாங்க.

அந்த அம்மா வீட்டுக்கு மறுநாளே ரெண்டு பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். டீ கொடுத்தாங்க. திதி அன்னிக்குச் சாப்பாட்டுல அவருக்குப் பிடிச்ச பால் பாயாசம் வேணும்னாங்க. சமையல் அண்ணன்கிட்ட சொல்லியாச்சு.