கீழ்க்கட்டளையில் ஒரு ஸ்ட்ரீமரும் அப்பாவோட காதும்

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. நடுநடுவுல கர்நாடக சங்கீதமும் வரும். ரெண்டுமே அலர்ஜின்னா இங்கயே அப்பீட் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

எங்கப்பாவுக்கு 78 வயசு. எம்.டி.ராமநாதன் பைத்தியம். தெரியாதவங்களுக்காக: பாலக்காடு பக்கம் மஞ்சப்ராவில் 1923-ல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரோட சிஷ்யர், கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தவர், 1984-ல் காலமானார். கனமான குரல். அவசரமே இல்லாத பாட்டு. ஒரு கீர்த்தனையை அவர் ஆரம்பிச்சப்புறம் நீங்க ரேஷன் கடைக்குப் போய் வந்தாலும் இன்னும் அனுபல்லவியிலதான் இருப்பார்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க. ரேடியோவுல அவர் கச்சேரி வந்தா அப்பா டூ-இன்-ஒன்ல கேசட் போட்டுப் பிடிச்சு வெச்சுடுவார். 80-களில் சேர்த்த அந்த மாதிரி கேசட் நாற்பது சொச்சம் வீட்டுல இருக்கு.

அப்படிப்பட்ட மனுஷன் ரெண்டு வருஷமா பாட்டு கேக்கறதையே விட்டுட்டார். காது மெஷின் வந்ததுக்கு அப்புறம்தான். கேட்டா ஒரே பதில்: "எல்லாம் சத்தமா இருக்குடா, பாட்டா இல்ல." சாயங்காலம் ஆனா சும்மா வாசல்ல உக்காந்து மேடவாக்கம் மெயின் ரோட்டுக்குப் போற வண்டியெல்லாம் பார்த்துக்கிட்டிருப்பார். எனக்கு அது தாங்கல. சரி, வீட்டுல ஒரு நல்ல ஸ்ட்ரீமர் போட்டு, உண்டான சத்தத்தை உண்டானபடி குடுத்துப் பார்ப்போம்னு இறங்கினேன்.

ஸ்ட்ரீமர்னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. நெட்டுலேர்ந்தோ, வீட்டு ஹார்ட் டிஸ்க்குலேர்ந்தோ பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் குடுக்கற குட்டிப் பொட்டி. லட்சக்கணக்குல விலை போட்டும் விக்கறாங்க. நம்மளோடது ரிச்சி ஸ்ட்ரீட் தயாரிப்பு: ஒரு ராஸ்பெர்ரி பை 4, அது தலைமேல உக்கார்ற ஒரு டாக் போர்டு (டிஜிட்டல் எண்களை மின்சார அலையா மாத்தற சில்லு இருக்கறது இதுலதான்), நல்ல பவர் அடாப்டர், உள்ள ஓடறதுக்கு மூட் ஆடியோங்கற இலவச மென்பொருள். பை 4-லயே ஹெட்ஃபோன் ஓட்டை ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்குப் பின்னாடி தனி டாக் சில்லு கிடையாது, பல்ஸோட அகலத்தை மாத்தி ஒப்பேத்தற வேலை. பாட்டு கேக்க ஆகாது.

இப்ப முக்கியமான மேட்டர். 1982-ல் சி.டி. வந்தப்ப முடிவான கணக்கு, ஒரு செகண்டுக்கு 44,100 தடவை ஒலி அலையை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணா எழுதி வைக்கிறது. ஸ்ட்ரீமரோட வேலை அந்த எண்களைக் கொண்டுபோய் டாக்கிட்ட ஒப்படைக்கிறது மட்டும்தான். தபால்காரர் வேலை. லெட்டரைப் பிரிச்சுப் படிச்சு எழுத்துப்பிழை திருத்தற தபால்காரர் நமக்கு வேணாம். ஆனா பாருங்க, வழியில திருத்தறதுக்குன்னே நிறைய பேர் உக்காந்திருக்காங்க.

முதல் ஆசாமி ரீசாம்ப்ளிங். செல்போனும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் எல்லா சத்தத்தையும் 48,000-க்கு மாத்தி வெச்சுக்கும். 147 அளவு இருந்த இடத்துல 160 அளவு வேணும், அதனால நடுவுல இருக்கறதையெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பும். நல்லா செஞ்சா காதுக்குத் தெரியாது, மட்டமா செஞ்சா தெரியும். நமக்குத் தேவையே இல்ல, அணைச்சுடுங்க. அடுத்தது வால்யூமை சமப்படுத்தறது. அப்புறம் ஈக்வலைசர், "பேஸ் பூஸ்ட்", "3டி" வகையறாக்கள். எல்லாத்தையும் அணைங்க. ஸ்ட்ரீமர்ல வால்யூமை முழுசா வெச்சுட்டு ஆம்ப்ளிஃபயர் திருகுலயே ஏத்தி இறக்குங்க. டிஜிட்டல்ல 6 டெசிபல் குறைக்கிறதும் ஒரு பிட்டை விட்டுக்குடுக்கறதும் ஒண்ணு. 24 பிட் டாக்குல இது பெரிய நஷ்டம் இல்லதான், இருந்தாலும் எதுக்கு? செல்லுலேர்ந்து ப்ளூடூத்துல அனுப்பறவங்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான ப்ளூடூத் பாட்டை இன்னொரு தடவை நசுக்கித்தான் அனுப்பும். ஒய்ஃபை இல்லன்னா ஒயர், அதுதான் வழி.

கேபிள் பத்திக் கேக்கறவங்களுக்கு: கடையில கிடைக்கிற சாதா நெட் கேபிள் போதும். எண்ணு பாதியில வழவழப்பாகி வந்து சேராது. அதே மாதிரி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு அலையறவங்களுக்கும் ஒரு தகவல். பாஸ்டன்ல மேயர், மொரான்னு ரெண்டு பேர் உயர்தர ஒலித்தட்டை அப்படியேயும், சி.டி. அளவுக்குக் குறைச்சும் போட்டு, எது எதுன்னு சொல்லாம கேக்க வெச்சு 2007-ல் முடிவை வெளியிட்டாங்க. 554 தடவையில 276 தடவை சரியா சொன்னாங்க. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். எங்க வீட்டு கேஸ்ல இது இன்னும் சுத்தம். அப்பாவோட ஆடியோகிராம்ல 1,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவால்ல, 4,000-ல கோடு கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்குது. அவருக்கு எதுக்கு 192?

ஆனா எம்டிஆர் குரல் அந்தப் பரவால்லாத பக்கத்துலதான் முக்கால்வாசி இருக்கு. எனக்கு இருந்த நம்பிக்கையே அதுதான்.

மிஷினெல்லாம் பூட்டினதும் முதல்ல வந்தது பாட்டு இல்ல, "ம்ம்ம்ம்"னு ஓர் உறுமல். ஆம்ப்ளிஃபயர் மேல கை வெச்சா சுர்ருங்குது. எர்த் பிரச்சினை. ஏப்ரல் மாசம் எங்க பக்கம் நிலத்தடி நீர் இறங்கினா எர்த் குழியும் காஞ்சு போகும். உப்பும் கரியும் போட்டுப் புதைச்ச குழிதானே, ஈரம் இருந்தாதான் வேலை செய்யும். ரெண்டு குடம் தண்ணி ஊத்தினேன், அடுத்த நாள் உறுமல் அடங்கிடுச்சு. ஆயிரக்கணக்குல பவர் கண்டிஷனர் விக்கறாங்க மக்களே, முதல்ல குழிக்குத் தண்ணி ஊத்திப் பாருங்க. உறுமலுக்குப் பயந்து மூணாவது பின்னை மட்டும் பிடுங்கிடாதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

அடுத்தது ரூம். 10-க்கு 10, உயரமும் 10 அடி. ஒலிக்கு இதைவிட மோசமான பொட்டி கிடையாது. நம்மூர் சூட்டுல சத்தம் செகண்டுக்கு 349 மீட்டர் மாதிரி ஓடும். எதிரெதிர் சுவத்துக்கு நடுவுல 3.05 மீட்டர்னா 57 ஹெர்ட்ஸ்ல ரூமே கூடச் சேர்ந்து பாடும். மூணு பக்கமும் ஒரே அளவுங்கறதால மூணும் அதே இடத்துல கும்மியடிக்கும். அதோட ரெட்டிப்பு 114, ஆம்பளைக் குரலோட மந்தர ஸ்தாயி நடமாடற இடம். எம்டிஆர் கீழ இறங்கினா ஒரு ஸ்வரம் மட்டும் பானைக்குள்ள பாடற மாதிரி கேட்டது இதனாலதான். ஸ்பீக்கரை மூலையிலேர்ந்து ரெண்டடி வெளிய இழுத்தேன். அப்பா நாற்காலியை சுவத்துலேர்ந்து தள்ளினேன், ஆனா நட்ட நடுவுல போடல, நடுவுல அந்த 57 காணாமயே போயிடும். டைல்ஸ் தரையில பவானி ஜமக்காளம். ஸ்பீக்கருக்கு எதிர் சுவத்துல என் பழைய புத்தக அலமாரி. இரும்பு பீரோ கூடச் சேர்ந்து கிணுகிணுத்துச்சு, அதைப் பக்கத்து ரூமுக்குக் கடத்தினேன். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத்துல கொண்டுவர முடியாது. ஆனா செலவே இல்லாத இந்தத் தள்ளுமுள்ளுல வந்த வித்தியாசம் டாக் மாத்தினாகூட வராது. ரூமுக்கு வெளிய இருக்கற சத்தத்துக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. மீனம்பாக்கம் விமானம், மெட்ரோ அஞ்சாவது தடத்துக்கான வேலை எல்லாம் இருக்கு. ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் கச்சேரி.

இப்ப கேசட்டு. நெட்டுலயும் எம்டிஆர் கச்சேரி நிறைய கிடைக்குது, ஏத்தி வெச்ச புண்ணியவான்கள் நல்லா இருக்கட்டும். ஒண்ணு போட்டேன். சுத்தமா, இரைச்சலே இல்லாம இருந்துச்சு. அப்பா அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு, "தம்பூரா எங்கடா?"ன்னார்.

நானும் காதை வெச்சுக் கேட்டேன். உண்மையிலேயே இல்ல. நாடா இரைச்சலை எடுக்கற மென்பொருளுக்கு, மாறாம ஒரே மாதிரி ஓடிக்கிட்டே இருக்கற சத்தம்னா குப்பை. கச்சேரி முழுக்க மாறாம ஓடறது வேற என்ன? தம்பூராதான். கூட்டிப் பெருக்கினதுல அதுவும் போயிடுச்சு.

சரி, நம்ம கேசட்டையே எடுப்போம்னு ஒரு நண்பர்கிட்ட டெக் வாங்கி, ஹெட்டைத் துடைச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். இரைச்சலைத் தொடவே இல்ல. வேகத்தை மட்டும் பார்த்தேன். சில கேசட்டுல எம்டிஆர் குரல் ஏதோ இளைச்ச மாதிரி இருந்துச்சு. ரெக்கார்ட் பண்ண மிஷின் மெதுவா ஓடியிருந்தா, இப்ப சரியான வேகத்துல போடறப்ப சுருதி ஏறும். 6 சதவீதம் வேகம் கூடினா கிட்டத்தட்ட அரைக்கட்டை. எவ்வளவு ஏறியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே உறுமல்தான் காப்பாத்துச்சு! அந்தக் காலத்து டூ-இன்-ஒன் கரண்ட்டோட உறுமலையும் சேர்த்துப் பதிஞ்சிருக்கு. 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது ஒரு கேசட்டுல 52 அரையில நின்னுச்சு. (அப்ப நம்ம தென்னிந்திய கிரிட் 49-க்குக் கீழயும் ஓடும், அதனால இது தங்கத் தராசு இல்ல, புளி நிறுக்கற தராசுதான்.) அதை வெச்சுக் குறைச்சுட்டு, கடைசி மயிரிழையை அப்பா முகத்தைப் பார்த்து சரி பண்ணேன். "இன்னும் கொஞ்சம் இறக்கு... ஆங், இதான் அவர் குரல்." எல்லாத்தையும் இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பா சேமிச்சு ஸ்ட்ரீமர்ல ஏத்தினேன்.

குரல் வந்துடுச்சு. அப்பாவே ஒத்துக்கிட்டார். ஆனா மறுபடியும் அதே கேள்வி, தம்பூரா எங்கே? இந்தத் தடவை எனக்கு நல்லா கேக்குது. இரைச்சலுக்கு நடுவுல தம்பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கு. அம்மாவுக்கும் கேக்குது. அவருக்கு மட்டும் இல்ல.

ரெண்டு நாள் ஆணி புடுங்கற நேரத்துலயும் இதே யோசனை. வீட்டுல கடைசி டிஜிட்டல் கருவி ஸ்ட்ரீமர் இல்ல, அப்பா காதுக்குள்ள இருக்கே! அதுலயும் மைக் இருக்கு, சத்தத்தை எண்ணாக்கற சில்லு இருக்கு, கணக்குப் போடற மூளை இருக்கு, மறுபடி சத்தமாக்கற குட்டி ஸ்பீக்கர் இருக்கு. அது பேச்சுக்காகச் செஞ்சது. ஃபேன், ஏ.சி. மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை அமுக்கறது அதோட கடமை. தம்பூராவும் அதுக்கு ஃபேன்தான். புல்லாங்குழல் மாதிரி சுத்தமா நீளற ஸ்வரம் வந்தா, தன்னோட விசில்னு நினைச்சு அதையும் வெட்டப் பார்க்கும். மெல்லிசான சத்தத்தை ஏத்தி, பெருசை இறக்கி எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். "எல்லாம் சத்தமா இருக்கு"ன்னு அவர் சொன்னது இதைத்தான். நான் ஸ்ட்ரீமர்ல ஒவ்வொண்ணா அணைச்ச அத்தனையும் அவர் காதுக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு.

மெஷின் வாங்கின இடத்துக்கே அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க இருந்த ஆடியோலஜிஸ்ட் பொண்ணுகிட்ட சொன்னதும், "ஓ, மியூசிக் புரோகிராமா சார், போட்டுடலாம்"னு பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சாங்க. இரைச்சல் குறைப்பு அணைச்சாச்சு, விசில் தடுப்பு அணைச்சாச்சு, ஏத்த இறக்கத்தைச் சமப்படுத்தறது கொஞ்சமா மட்டும். காது மெஷின் பட்டனை அமுக்கினா பேச்சுக்கு ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணுன்னு மாறும். இன்னொரு யோசனையும் சொன்னாங்க: ஸ்பீக்கர் வால்யூமைக் குறைச்சுட்டு காது மெஷின்ல ஏத்திக்கணும். சத்தமா வந்தா மெஷினோட மைக் பக்கத்துலயே அலை நசுங்கிடும், அப்புறம் யாரு வந்தாலும் சரி பண்ண முடியாதாம். சில மெஷின்ல ப்ளூடூத்துலயே பாட்டை நேரா காதுக்குள்ள அனுப்பலாம். அப்பா வேணாம்னுட்டார். அம்மாவும் கூட உக்காந்து கேக்கணுமாம்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க யாராவது காது மெஷின் போட்டதுலேர்ந்து பாட்டை விட்டிருந்தா, ஸ்பீக்கர் மாத்தறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க.

அன்னிக்கு ராத்திரி கேசட்டுலேர்ந்து எடுத்ததைப் போட்டோம். ஆலாபனைக்கு முன்னாடி பத்து செகண்ட் வெறும் தம்பூரா மட்டும் ஓடும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுட்டு, "ஜீவா நல்லா பிடிச்சிருக்கு. ஆனா பஞ்சமம் ஒரு பொட்டு இறங்கியிருக்கு"ன்னார். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ மீட்டின தம்பூராவுல குத்தம் கண்டுபிடிக்கிற அளவுக்கு மனுஷன் திரும்பி வந்துட்டார்.

எல்லாமே வந்துடல. வயலின் வில்லோட உரசல் அவருக்கு எட்டறதில்ல. மிருதங்கத்துல வலந்தலைச் சாப்பு பாதிதான் போய்ச் சேருது, அந்தக் கூர்மை இருக்கறது ஆடியோகிராம் கிணத்துக்குள்ள. ரிச்சி ஸ்ட்ரீட்ல அதுக்கு போர்டு கிடையாது. சாப்பு விழவேண்டிய இடம் வந்தா, அவரே நாற்காலிக் கையில விரலால ஒரு தட்டு தட்டிக்கறார்.