தெரிந்தும் தெரியாத மாதிரி

கர்ணனைப் பெற்றவள் குந்தி என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 'கர்ண மோட்சம்' கூத்து என்றால், பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடித்த கூட்டம் விடியும் வரை அசையாது. பொன்னுருவி தன் புருஷன் கர்ணனைப் பிறப்பைச் சொல்லி ஏசும்போது எங்கள் அத்தை, "அடிப் பாவி, அவன் யார் பிள்ளைன்னு தெரியாமப் பேசறியேடி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். காஞ்சிபுரமும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தோடு ஒன்றாக இருந்த காலம் அது. முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் பெரிய மேதாவி மாதிரி கேட்டுக்கொண்டு திரிந்தேன். யாரும் பதில் சொன்னதில்லை. அவர்களுக்குக் கூத்து பார்க்கிற வேலை இருந்தது.

போன கோடை விடுமுறையில் பேரன் ஒரு விளையாட்டோடு வந்து இறங்கினான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டதாம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த வேடம் என்ன செய்யும் என்று வாயால் சொல்லுவார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். நடத்துகிறவன் தன் முன்னால் ஒரு மடக்கு அட்டையைத் தடுப்பாக நிறுத்தி, வரைபடத்தையும் குறிப்பையும் அதன் பின்னால் வைத்துக்கொள்வான்.

பேரன் கதையைச் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் வைத்திருந்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி வாங்கி ஏற்றுமதி செய்த இடம். உள்ளே தானியக் கிடங்கும், எழுத்தும் சித்திரமும் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. காணாமல் போன கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். அது இருக்கும் இடத்துக்கு வழி, கிடங்கில் ஒரே ஒரு கல்லுக்கு அடியில். அந்தக் கல்லை யாரும் புரட்டவில்லை. பொழுது போகப் போக ஒருத்தி மோர் குடிக்க எழுந்து போனாள், இன்னொருவன் போனை எடுத்தான். இவன் மட்டும் தடுப்புக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தான், யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. அட பைத்தியமே, கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போனால் நீ ஒளித்துவைத்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அன்று ராத்திரி திண்ணையில் அவனுக்குக் கூத்துத் திரையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே வேடக்காரன் பாடுகிறான், ஆள் தெரியாது. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். கட்டியங்காரன் வெளியே நின்று யார் என்ன என்று விசாரிப்பான். முகவீணை ஏற ஏறக் கூட்டம் முட்டி போட்டு எழும். அப்புறம்தான் திரை விலகும். மறைக்கத்தான் துணி பிடிக்கிறார்கள்; ஆனாலும் மேலும் கீழும் கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

பேரன் பிடித்துக்கொண்டான். மறுநாள் அதே சேதியை மூன்று இடத்தில் வைத்தான்: கல்லறை எழுத்தில் ஒரு துண்டு, வலை பின்னுகிற கிழவரின் பேச்சில் ஒரு துண்டு, கிழிந்த காகிதத்தில் ஒரு துண்டு. இரண்டைத் தவறவிட்டாலும் ஒன்று கையில் சிக்கும். பகடையிலும் ஓர் ஒழுங்கு வந்தது. "ஏதாவது சத்தம் கேக்குதா?" என்பதற்கு அவனே தடுப்புக்குள் உருட்டினான். வெளியே உருட்டி இரண்டு மாதிரிச் சின்ன எண் விழுந்தால், காது கேட்கவில்லை என்று காதுக்கு உரியவனுக்கே தெரிந்துபோகுமே! சண்டைக்கு மட்டும் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் உருட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அடிபடுகிறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

பேத்தியின் வேடம் டச்சுக்காரர்களின் ஒற்றன். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினான். அவ்வளவுதான், அத்தனை கண்ணும் அவள் மேலே. அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் சீட்டு. பாதிச் சீட்டில் 'மூக்கைச் சொறிந்துகொள்' என்றுதான் இருக்கும். ஆளாளுக்கு முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தார்கள்.

ஆனாலும் சின்னவன் அவள் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டான். உடனே, "நான் அவளைத் தூண்ல கட்டிப் போடறேன்." அவள் அழ, ஒரே ரகளை. சின்னவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். "கண்ணு, தருமர் வேஷம் கட்றவருக்குக் கர்ணன் அண்ணன்னு தெரியாதா? எத்தனை வருஷமா ஆடறார். ஆனா அந்தத் தருமருக்கு, கர்ணன் செத்தப்புறம்தானே தெரியணும்?" கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு எழுந்து போய், "கிடங்குச் சாவியை அக்காகிட்ட குடுக்கறேன், அவங்கதான் நம்பிக்கையான ஆளு" என்றான். மற்ற பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் அத்தையின் கூச்சல் எனக்கு விளங்கிற்று. அவளுக்குத் தெரிந்தது பொன்னுருவிக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மாமல்லபுரம் அழைத்துப் போனேன். பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் பேரன் கேட்டான், ஒற்றைக்காலில் நிற்பவர் அருச்சுனனா, பகீரதனா என்று. எங்கள் திருவிழாவில் அருச்சுனன் தபசுக்குப் பனைமரம் ஏறுவதைப் பார்த்த எனக்கு அருச்சுனன்தான். பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய கதை என்பவர்கள் நடுவில் உள்ள பிளவையும் அதில் நீந்தும் நாகர்களையும் காட்டுவார்கள். பல்லவச் சிற்பி எதையும் எழுதிவைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சாட்சி செதுக்கியிருக்கிறான். கீழே முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பி நிற்கும் எலிகளும் வேறு.

"அப்போ நானும் முடிவை வைக்காமலே விட்டுடலாமா தாத்தா?" என்றான். எனக்கு அதில் சம்மதமில்லை. பார்க்கிறவனுக்குப் புரியாமல் போகலாம். உளி பிடித்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கணக்குப் புத்தகத்தை எடுத்தது யார் என்று முதலில் நீ எழுதிவை, அப்புறம் ஒளித்துவை என்றேன். எழுதிவிட்டானாம், என்னிடமும் காட்ட மாட்டேன் என்கிறான். வரும் லீவில் எனக்கும் ஒரு வேடம் உண்டு, கோட்டைக் காவல்காரக் கிழவன். "ஒண்ணே ஒண்ணு தாத்தா, உங்க ஆளுக்குக் காது கேக்காது, பேசவும் வராது" என்று இப்போதே கண்டிஷன் போட்டுவிட்டான்.