கேட்பாரற்றுக் கிடந்த இசைத்தட்டு

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவர்

இசையிலக்கணம் கற்றவர்தாம் இசையைப் பற்றிப் பேச வேண்டுமா? கேட்டவனுக்கும் சொல்லச் சில உண்டு என்ற துணிவிலேயே எழுதுகிறேன்.

1982-இல் இந்தியாவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், பத்து இந்துஸ்தானி இராகங்களை மின்னணுக் கருவிகளில், டிஸ்கோ தாளத்தில் வாசித்திருந்தார். தாளத்திற்கு ரோலண்ட் 808, கீழ்ச்சுரங்களுக்கு 303. தட்டு விலைபோகவில்லை. அதே 303-ஐக் கொண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசை பிறந்தது சில ஆண்டுகள் கழித்தே! 2010-இல் மறுபதிப்பு வந்தபின் உலகம் வியந்தது. 2015-இல் மறைந்த அவர், அப்புகழைக் கண்டுவிட்டே போனார்.

முதன்முறை கேட்டபோது எனக்கு அது ஆலை இரைச்சலாகவே பட்டது. மறுமுறை கேட்டேன். ‘பூபாளி’யில் நம் மோகனம் நின்றது, ‘மால்கௌன்ஸ்’ நம் இந்தோளம்! ஊர்த் திருவிழாவில் நாயனத்தில் கேட்டுப் பழகிய சுரங்களல்லவா? 303 ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லுமிடத்தில் என் காதுக்குக் கமகத்தின் சாயல் தட்டுப்பட்டது. விரிவான ஆலாபனைக்கு இடமில்லை, தாளப்பொறி மூச்சுவிடாது. அது குறைதான்.

1986-இல் இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். அங்கே இரு மரபுகள் அமர்ந்து உரையாடுகின்றன; இங்கே மரபு இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். புதிய இடத்திற்குள் நுழைகிறவன் பழையதை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. வேண்டியதில்லை என்கிறது இந்தத் தட்டு.

நண்பர்களே, ஒருமுறை கேளுங்கள். பிடிக்காவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்!