பதினேழு வருடம் நின்ற பைக்

மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். போன கிழமை படத்தைப் போட்டதும் நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். "கண்ணை மூடிட்டு வாங்குங்க சேர்" என்று பாதிப் பேர், "டீச்சர், பழைய இரும்புக்கு யாராவது இவ்வளவு காசு குடுப்பாங்களா?" என்று மீதிப் பேர். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, தவணைப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

பைக் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டு நடையில் நிற்கிறது. ஹொண்டா எக்ஸ்.ஆர். 250, முன்னால் இரண்டு பெரிய வட்ட விளக்கு வைத்த 'பாஹா'. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்தில் 1967 முதல் நடக்கும் ஓட்டப் பந்தயத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இரவிலும் மணலில் ஓடத்தான் அந்த இரட்டை விளக்கு. அப்படிப்பட்டது பெட்ஷீட் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் காஸ் சிலிண்டரும் குடையும் சாய்ந்திருக்க நிற்கிறது.

எங்களுக்கு எதற்கு இது என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்குத் தினமும் இரண்டு பஸ். லீவு விட்டால் கல்பிட்டிப் பக்கம் உம்மா வீட்டுக்குப் போகவேண்டும், அங்கே கடைசித் துண்டு முழுக்க மணல். ஸ்கூட்டர் எடுக்கலாம்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. ஆனால் புதியதென்றால் லீசிங், லீசிங் என்றால் வட்டி. அந்தப் பக்கம் போவதில்லை என்று கல்யாணத்தன்றே பேசி முடிவெடுத்தோம். கையில் இருப்பது சீட்டுக் காசு, ஆறு இலட்சம். எங்களில் ஒருவருக்குப் பதினாறு வயதிலிருந்து இந்த பைக்கில் ஆசை. மற்றவருக்குச் சீட்டுக் காசில் கண். யார் யார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிராண்ட்பாஸிலிருந்து மெக்கானிக் நானாவைக் கூட்டிப்போனோம். எங்களில் ஒருவர் ஆசையில் கிக்கரில் கால் வைத்ததும் நானா, "கால எடுங்க! ஓடின பைக்க விட நிண்ட பைக் பொல்லாது" என்று அதட்டினார். உள்ளே சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருந்தால் ஒரு உதையில் பிஸ்டன் வளையம் சுவரைக் கீறிவிடுமாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அரை மணித்தியாலம் பிளேன்டீ குடித்துவிட்டு, பின் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றினார். பிஸ்டன் அசைந்தது. நானாவின் முகத்தைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றதெல்லாம் எதிர்பார்த்த மாதிரித்தான். காபரேட்டருக்குள் நின்ற பெற்றோல் ஆவியாகி, பசை மாதிரி காய்ந்து சின்னத் துளைகளை அடைத்துவிட்டது. டாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் நிறம். காற்று வடிகட்டியின் ஸ்பொஞ்ச் தொட்டதும் பொடியானது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் அந்தப் பொடி முழுக்க எஞ்சினுக்குள் போயிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சாமான், அதனால் பிரேக் இறுகிப்போய்க் கிடக்கிறது. டயர் பார்வைக்கு நல்ல கட்டை, ஆனால் பக்கவாட்டில் 3106 என்று பதிந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பழைய வாகனம் பார்க்கப் போகிறவர்கள் இந்த நாலு இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள், மைல் மீட்டர் சொல்லாததை இது சொல்லும். "ஒண்டரை இலட்சம் சரி போகும்" என்றார் நானா. சாமானுக்குப் பஞ்சிகாவத்தையைத் தோண்டவேண்டும்.

விற்பவர் குறையை மறைக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே மத்ரசாவில் படித்தோம். ஆனால் இங்கே அந்த அன்ரிக்கே குறை என்னவென்று தெரியாது. அவர் ஒரு கத்தோலிக்கத் தமிழ் அம்மா, கிக்கர் எது கியர் எது என்று கேட்டால் சிரிப்பார். அவர் மறைத்தது ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தேடிப் பார்த்து அவருக்கும் சொல்லிவிட்டு விலை பேசவேண்டியது வாங்குகிற நாங்கள்தான். நானா சொன்ன ஒவ்வொன்றையும் அன்ரிக்குச் சொன்னோம், பிஸ்டன் அசைந்த நல்ல செய்தி உட்பட.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வேறு பக்கம் போனது.

பைக் அவருடைய மகனுடையது. வேலை வெள்ளவத்தையில், வீடு கொட்டாஞ்சேனையில். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்களே, மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததே, அந்தக் காலம். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்தப் பட்டியலில் இருந்த இடங்கள். பெரிய பைக், தமிழ்ப் பெடியன், இரவு எட்டு மணி. ஒவ்வொரு தடையிலும் இறங்கி அட்டை காட்டிவிட்டு வருவானாம். 2008இல் ஒரு நாள் விடியும்வரை வரவில்லை. வந்ததும் அன்ரி திறப்பை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் அவன் டொரொன்டோ போய்விட்டான்.

அதே காலி வீதியில் அதே தடைகளில் எங்கள் பெயரைப் பார்த்துவிட்டு "யன்ன" என்று கையசைத்து விட்டவர்கள் எங்கள் நினைவிலும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அது மாறியது உங்களுக்குத் தெரியும். கொச்சிக்கடைக் கோயில் இருக்கிற அந்தப் பகுதியில், முன்பின் தெரியாத ஒரு கத்தோலிக்க வீட்டின் கதவைத் தட்டமுன் நாங்கள் இரண்டு தரம் யோசித்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்ரி முதலில் கேட்டது, "வெயிலுக்குள்ள வந்தனீங்கள், ஏதும் குடிக்கிறீங்களா?" என்றுதான்.

இவ்வளவு காலம் ஏன் விற்கவில்லை? "வந்தா கேப்பான் பிள்ளை." ஒவ்வொரு நத்தாருக்கும் பெட்ஷீட்டைத் துவைத்து மாற்றியிருக்கிறார்.

இப்போது பேப்பர். பைக் மகன் பெயரில். அவர் கையெழுத்தில்லாமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறாது. 'ஓபன் பேப்பர்' என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஓடுகிறவர்கள் ஆயிரம் பேர், நாங்கள் அதற்கு ஆளில்லை. வருமான அனுமதிப்பத்திரம் 2008க்குப் பிறகு எடுக்கவேயில்லை. ஓடாத வாகனத்தை ஓடவில்லை என்று அறிவிக்க வழி இருந்தது, அன்ரிக்கு அதை யாரும் சொல்லவில்லை. நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்று கந்தோரில்தான் கேட்கவேண்டும். புகைப் பரிசோதனை நாட்டில் தொடங்கிய வருடமே இது படுத்துவிட்டதால் அந்தப் பக்கமே போனதில்லை. துருவைக் காசு கொடுத்துப் போக்கலாம். பேப்பர் சரியில்லாவிட்டால் எங்கள் ஆறு இலட்சம் இன்னொரு நடையில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கும்.

போன ஞாயிறு அன்ரியின் போனில் மகனோடு வீடியோவில் பேசினோம். நாற்பது தாண்டியவர், தலையில் முடி குறைவு. சேசிஸ் நம்பருக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்கச் சொன்னார், புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். சரியாக இருந்தது. டாங்கியின் இடது பக்கம் ஒரு சொட்டை இருக்கும், பாருங்கள் என்றார். இருந்தது. ஒன்லைன் விளம்பரங்களைப் பார்த்து உறவுக்காரர் சொன்ன விலை ஆறு இலட்சம். நாங்கள் நாலேகால் என்றோம். விலையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

"ஓட வைக்கிறதெண்டா தாறன். கழட்டி விக்கிறதெண்டா வேண்டாம்."

துண்டு துண்டாக விற்றால் நாங்கள் கொடுப்பதைவிடக் கூட வரும் என்று அவருக்குத் தெரியும். நானாவுக்கும் தெரியும். சீட்டுக் காசில் கண் வைத்தவர்தான் முதலில், "ஓட்டத்தான் கேக்கிறம்" என்றார். மற்றவர் வாய் திறக்கவில்லை.

இப்போதைக்கு முடிவு இதுதான்: டொரொன்டோவிலுள்ள எங்கள் துணைத்தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோர்னித் தத்துவம் அன்ரி பெயருக்கு வரவேண்டும். வந்தால் நாலேகாலுக்கு வாங்குகிறோம். அதுவரை முற்பணமும் இல்லை, பைக் அசையவும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா நானா போய் சில்லைச் சுற்றிவிட்டு வருகிறார், அதற்குக் காசு கேட்பதில்லை, அன்ரியின் பிளேன்டீ போதுமாம்.

எக்ஸ்.ஆர். 250க்கு காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வரும் ரப்பர் குழாய், வெடிக்காதது, பஞ்சிகாவத்தையில் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். முன் டயர் 21 அங்குலம், அதுவும் தேவைப்படும்.