காற்று வரும் திசை



இவ்வாரம் ஜவ்வாது மலையில் சாமைக் கதிர்கள் களத்துக்கு வந்துவிட்டன. நேற்று மாலை ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், பாறைக்களத்தின் மேல் நின்று ஒரு மூதாட்டி முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்திச் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தார். காற்று சற்றே திசை மாறியபோதெல்லாம் அவர் பாதங்களும் தாமாகவே மாறி நின்றன. அவர் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. கன்னத்தில் பட்ட காற்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கண்டபோது பல ஆண்டுகளாக நான் எழுதத் தயங்கிய ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றியது. அது கடலைப் பற்றியது.

நான் சமவெளியில் பிறந்தவன். முப்பத்தொன்பதாம் வயதில் சிங்கப்பூரிலுள்ள ஒரு தமிழ்ச் சபைக்கு ஊழியம் செய்ய அனுப்பப்பட்டேன். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே அமைந்த தீவு அது. அங்கே முதல் ஆண்டு முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒருமுறையும் அதில் இறங்கவில்லை. கிழக்குக் கரையில் நின்றால், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் அடிவானம் வரை நங்கூரமிட்டு நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே வெண்ணிறப் பாய்கள் சிறு பறவைகளைப் போலத் திரியும்.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் வல்வெட்டித்துறையைப் பூர்விகமாகக் கொண்டவர். அலுவலிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறுவர்களுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். ஒருநாள் என்னையும் அழைத்துச் சென்றார். ஒருவரே ஓட்டக்கூடிய 'லேசர்' என்னும் சிறு படகு. பதினான்கு அடி நீளம், ஒற்றைப் பாய், ஒரு சுக்கான், நடுவே நீருக்குள் இறக்கும் ஒரு பலகை. முதல் நாளில் நான்கு முறை கவிழ்ந்தேன். கவிழ்ந்த படகின் நடுப்பலகை மேல் ஏறி நின்று உடலைப் பின்னே சாய்த்தால், பாய் மெல்ல நீரைவிட்டு எழும்பும். அதையும் அன்றே கற்றேன், வேறு வழியிருக்கவில்லை.

பாய்ப்படகால் காற்றை நேருக்குநேர் எதிர்த்துச் செல்ல முடியாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சாய்வாக ஒருமுறை வலப்புறம், ஒருமுறை இடப்புறம் என மாறி மாறி ஏறித்தான் அதன் முகத்தை நோக்கி முன்னேறலாம். நானோ அணியத்தை நேரே திருப்பிவிட்டு, பாய் படபடக்க, படகு அசையாது நிற்க, சினந்துகொண்டிருப்பேன். "ஐயா, காத்தோட மல்லுக்கட்டாதேங்கோ. தாமானை இளக்கிவிட்டுப் பாருங்கோ," என்பார் மூப்பர். தாமான் என்பது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. வாடை, சோழகம், கொண்டல், கச்சான் எனக் காற்றுகளின் பெயர்களை உறவினரின் பெயர்களைப்போல அவர் சொல்லுவார். சிங்கப்பூரில் மார்கழி முதல் பங்குனி வரை வடகிழக்குக் காற்று. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்கு. இடையே, சுமத்ராவின் பக்கமிருந்து விடியற்காலையில் திடீரெனப் பாய்ந்துவரும் சூறைகளும் உண்டு.

கரையில் படகைக் கழுவும் வேளையில் அவர் தம் ஊரின் 'அன்னபூரணி' கப்பலைப் பற்றிச் சொல்லுவார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாந்திக் கடந்து, 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ராபின்சன் தாமே பெரிய கடலோடி. 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் முப்பத்திரண்டு அடிப் படகில் உலகைச் சுற்றியவர். பிற்காலத்தில் தாகித்தித் தீவில் குடியேறினார். கடலின் இன்பத்துக்காக அத்தீவுக்கு வந்த அந்நியர், அங்குள்ளோரை வாட்டிய யானைக்கால் நோயைக் கண்டு, அதை ஒழிக்கும் ஆய்வுப் பணிக்குத் துணைநின்றார். இந்தப் பிற்பகுதியை மூப்பர் சொன்னபோது நான் பாதிதான் கேட்டேன். என் மனம் அடுத்த சனிக்கிழமையின் காற்றில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் சபைக்குக் கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் வருவார்கள். அவர்களுள் ஒருவர் இந்த ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர், பற்றவைப்புத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மீண்டும் அழைத்தார். மூன்றாம் முறையும் அழைத்தார். தொலைபேசி படகுத்துறையின் பூட்டிய அலமாரிக்குள் கிடந்தது. நானோ நல்ல காற்றில், வாழ்வில் முதன்முறையாக ஒருமுறையும் கவிழாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குக் கரையேறி, ஈரக் கையோடு அந்த மூன்று அழைப்புகளையும் கண்டேன்.

விடியற்காலையில் அவருடைய தாயார் இறந்திருந்தார். விடுப்பு உடனே கிடைத்துவிட்டது. கையில் விமானக் கட்டணம் இல்லை. சபையின் அவசர உதவி நிதியிலிருந்து பணம் எடுக்க என் கையொப்பம் வேண்டும். முற்பகல் விமானம் போய்விட்டது. இரவு விமானத்தில்தான் அனுப்ப முடிந்தது. சென்னையில் இறங்கி, வேலூர் வழியாகப் பேருந்துகள் மாறி அவர் மலையேறிச் சேர்ந்தபோது மறுநாள் பிற்பகல். முற்பகலிலேயே அடக்கம் முடிந்திருந்தது.

அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

படகுத்துறையில் ஒரு பதிவேடு உண்டு. கடலுக்குள் செல்பவர் தம் பெயரையும், புறப்படும் நேரத்தையும், திரும்பும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் தேடி வருவார்கள். அன்று காலையும் தெளிவான கையெழுத்தில் அதில் எழுதியிருந்தேன். நான் தொலைந்தால் என்னைத் தேட ஏற்பாடு இருந்தது. என்னைத் தேடக்கூடியவர்களுக்கு நான் எந்த ஏற்பாடும் செய்துவைக்கவில்லை. கையொப்பமிட இன்னொருவரை நியமித்திருக்கலாம். படகுத்துறையின் எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கலாம். ஓய்வெடுத்தது தவறென்று நான் இன்றும் எண்ணவில்லை. அது யாருக்கும் தெரிய வேண்டாமென்று நினைத்தேனே, அதுதான் தவறு. தொழிலாளர் நிறைந்த சபையின் போதகர் பாய்ப்படகு ஓட்டுகிறார் என்பது வெளியே தெரிவதற்கு வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தின் விலையை வேறொருவர் செலுத்தினார்.

அதன்பின் நான் கடலுக்குப் போகவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து அந்தச் சகோதரர் திரும்பி வந்தார். ஆராதனை முடிந்ததும், "ஐயரே, படகு ஓட்டறத விட்டுட்டீங்களாமே. எங்களையும் ஒருக்கா கூட்டிக்கிட்டுப் போங்களேன்," என்றார். கப்பல்களைக் கட்டும் கைகள் அவருடையவை. பாய் விரித்த படகில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மூப்பரின் பெரிய படகில் நால்வர் சென்றோம். மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு அஞ்சி அமர்ந்திருந்தவரிடம் மூப்பர் சுக்கானைக் கொடுத்தார். நான் மாதக்கணக்கில் தடுமாறிக் கற்றதை அவர் அரைமணி நேரத்தில் செய்தார். பாய் படபடக்குமுன்னே அவர் கை திருத்திவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "காத்து இந்தக் காதுல படுது ஐயரே. அம்மா களத்துல தூத்தறப்போ நான் பக்கத்துல நிப்பேன். காத்து மாறுனா பதரு கண்ணுல விழும். அப்பவே பழகிப்போச்சு," என்றார். சொல்லிவிட்டு முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் எவரும் பேசவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்களை இவ்வாரம் மீண்டும் வாசியுங்கள். இருநூற்றெழுபத்தாறு பேரில் ஒருவராகப் பவுலடியார் கடல்கொந்தளிப்பில் பதினான்கு நாள் அலைக்கழிந்து, மெலித்தா தீவில் கரையேறுகிறார். நனைந்து, குளிரில் நடுங்கும் கைதி. அத்தீவில் அவர் செய்ததாக முதலில் நாம் வாசிப்பது ஒரு பிரசங்கம் அன்று. விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். பிறரைப்போல அவரும் குளிரில் இருந்தார்; அவர்கள் குளிர்காயும் நெருப்புக்குத் தம் பங்கைச் சேர்த்தார். வேற்றிடம் ஒன்றில் வாழ அனுப்பப்படுகிற எவருக்கும் அதைவிடத் தெளிவான வழிகாட்டல் தேவையில்லை. தாகித்தியின் அந்தக் கடலோடியும் ஏதோ ஒரு வகையில் அதைக் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

பின்னாளில் நான் இம்மலைக்கு வரக் கேட்டுக்கொண்டதன் காரணத்தை இப்போது அறிந்துகொண்டீர்கள். வந்த முதல் வாரத்தில் அந்தத் தாயாரின் கல்லறைக்குச் சென்றேன். மகன் இப்போது ஊரோடு வந்துவிட்டார், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கோமுட்டேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கான படகுகள் உண்டு. எப்போதாவது அங்கே நாங்கள் இருவரும் சந்தித்தால், அந்தச் சிறிய நீரைப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். இரவில் காவலூர் வானாய்வகத்தின் பக்கம் வானம் இருண்டு தெளிந்திருக்கும். கடலோடிகள் வழி கேட்ட அதே விண்மீன்கள் இங்கும் இருக்கின்றன.

என் வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. வெளியே செல்லும்போதெல்லாம் எங்கே செல்கிறேன், எப்போது திரும்புவேன், அதுவரை யாரைக் கேட்கலாம் என்று அதில் எழுதிவிட்டுச் செல்கிறேன். ஓய்வுக்குச் சென்றாலும் எழுதுகிறேன். "ஏரிக்கரை, ஐந்து மணி வரை" என்று.

நீங்கள் ஓய்வெடுங்கள், அது உங்களுக்கு அருளப்பட்டது. ஆனால் புறப்படுமுன், உங்களைத் தேடக்கூடிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் எட்டு நாற்பதுக்கு அழைத்தால், யார் எடுப்பார்?

கர்த்தர் உங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.